உருளைக்கிழங்கு சீவப் போனவர்கள்

காதர் பாய் வைத்த சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே போட்டுக்கொடுப்பார். அந்தச் சாம்பாரை ஆறவிட்டுச் சாப்பிட்டால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. தி. நகரில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையின் மொட்டைமாடியில்தான் ஊழியர்களுக்கான மெஸ் இருக்கிறது. அங்கே யாராவது தட்டை வைத்துவிட்டு மொபைலைத் தடவிக்கொண்டிருந்தால் கரண்டியும் கையுமாக வந்து நிற்பார்.

"துன்னுட்டு பாரு நைனா. போன் எங்கியும் ஓடாது. சோறு ஆறிடும்."

நான் அய்யாதுரை, பட்டுப் பிரிவில் சூப்பர்வைசர். சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். சேலையை விரித்து மடித்து, விரித்து மடித்தே இடுப்பு தேய்ந்துபோன ஆள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கடையில் எல்லாரும் சொல்வார்கள். அந்த வாய்க்கு ஈடுகொடுக்கிற ஒரே மனிதர் காதர் பாய். அதனால்தான் எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

பாய் பிறந்து வளர்ந்தது மயிலாப்பூர் கச்சேரி ரோடு பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில். அவருடைய அப்பா மெஹபூப் அலி கல்யாண வீடுகளில் பிரியாணி தேக்சா இறக்கியவர். அந்தப் புகையில் நிற்கமாட்டேன் என்று வீம்பு பிடித்துக்கொண்டு மகன் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் போய் ஓடினார். ஓட்டத்தில் தேறிவிட்டார். ஆனால் அவர்கள் கேட்ட கேள்விகளில் அவர் ஒழுங்காகப் பதில் சொன்னது 'அப்பா என்ன தொழில் செய்கிறார்' என்பதற்கு மட்டும்தானாம். சமையல்காரராக எடுத்துக்கொண்டார்கள். "எந்தப் புகைலேந்து ஓடினேனோ அதுலயே இமயமல வரிக்கும் போயி நின்னேன் அண்ணாச்சி" என்பார். ராஜஸ்தான் மணல், அஸ்ஸாம் மழை, காஷ்மீர் பனி எல்லாவற்றிலும் அடுப்பு மூட்டி, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். இரண்டு மாதம் வீட்டில் சும்மா இருந்திருக்கிறார். மனைவி வஜீஹா பொறுக்கமாட்டாமல் எங்கள் கடைக்குத் துரத்திவிட்டார்.

பட்டாளத்தில் சிப்பாய்களின் சமையல்கூடத்துக்கு லங்கர் என்று பெயர். பாய் எங்கள் மெஸ்ஸையும் லங்கர் என்றே சொல்லிச் சொல்லி, கடைசியில் முதலாளியே "இன்னைக்கு லங்கர்ல என்ன குழம்பு?" என்று கேட்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவருடைய லங்கர் கதைகளில் எனக்கு மனப்பாடமாகிப் போன கதை ஒன்று உண்டு. யூனிட்டில் ஒரு சிப்பாய்க்குக் கை நடுங்குகிறது, அல்லது சொன்னது காதில் ஏறாமல் பிரமை பிடித்தது போல நிற்கிறான், அல்லது காவலில் நிற்கச் சொன்னால் அழுகிறான். அப்போது மேலே இருப்பவர்கள் அவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை ஒன்றுதானாம். 'இவனை லங்கரில் போடு.' அவனும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். பாய் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை அவன் முன்னால் கொட்டுவார். கையில் சீவுகிற கத்தி, பக்கத்தில் இஞ்சி டீ, இரண்டு பூரி கூடுதலாக. நாலைந்து நாளில் அவன் லேசாகச் சிரிப்பான். சாப்பாட்டை ருசி பார்க்க வருகிற ஆபீசர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஸப் டீக்?" என்று கேட்பார், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று. பாய் விறைத்து நின்று "ஸப் டீக் ஹை, ஸாப்!" என்பார். அந்த இடத்தில் அவர் ஹவாய்ச் செருப்போடு குதிகாலைச் சேர்த்து அடித்துக் காட்டுவார். மெஸ்ஸில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் சிரிப்பார்கள்.

"எத்தினி பேர ஆளாக்கி அனுப்பிச்சிருக்கேன் தெர்யுமா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

"அவங்களுக்கு என்ன கஷ்டம்னு கேட்டியளா பாய்?" என்று ஒருநாள் வாயைக் கிண்டினேன்.

"அத்த நா எதுக்கு கேக்கணும்? வயிறு ரொம்புனா எல்லாம் செட் ஆயிடும்."

பாய்க்கு ஒரே மகள், உம்மே ஹானி. அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சர். அவளுக்கு வந்த வரன்களில் கடை வைத்திருந்தவன், துபாயில் இருந்தவன் எல்லாரையும் தள்ளிவிட்டு, வேளச்சேரி அப்துல் கய்யூமின் மகன் நதீமைப் பிடித்தார். காரணம் நதீம் சிப்பாய். நிக்காஹ் முடிந்ததிலிருந்து பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாரிடமும் "என் மாப்ளயும் ஃபௌஜி" என்று சொல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. பட்டாளத்துக்காரனுக்கு அவர் பாஷையில் ஃபௌஜி.

போன கார்த்திகை மழையில் நதீம் லீவில் வந்தார். வேளச்சேரி வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அதனால் மாப்பிள்ளை மயிலாப்பூரில் மாமனார் வீட்டிலேயே தங்கினார். பாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. ஒருநாள் மாப்பிள்ளையை மெஸ்ஸுக்குக் கூட்டிவந்து எங்களுக்கெல்லாம் காட்டினார். ஒல்லியான பிள்ளை, கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. தூரப் பயணம் வந்த அசதி என்று நினைத்துக்கொண்டேன். பாய் மட்டன் குருமாவை ஊற்ற ஊற்ற, வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வாட்ச்மேன் வலியுல்லா சாப்பிட்டதும் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு குட்டித் தூக்கம் போடுவது வழக்கம். நதீம் சட்டென்று எழுந்துபோய் எச்சில் கையோடு அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "தூங்காத! எழுந்துரு, தூங்காத!" வலியுல்லா அலறியடித்துக்கொண்டு எழுந்தார். "பாத்துகினியா, இதான் மில்ட்ரி டிசிப்ளின்" என்று பாய் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நதீம் சிரிக்கவில்லை.

லீவு முடிகிற சமயம் மழையைக் காரணம் காட்டி லீவை நீட்டித்துவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறார். பட்டாளத்தில் மழைக்கெல்லாம் லீவை நீட்டிக்க மாட்டார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் பாய்தான். மாப்பிள்ளை சொன்னதால் அவரும் நம்பிவிட்டார்.

பிறகு ஒருநாள் மத்தியானம் உம்மே ஹானி சொட்டச் சொட்டக் குடையோடு என் பட்டுப் பிரிவுக்கு வந்து நின்றாள். தரையெல்லாம் தண்ணீர். வேறு யாராக இருந்தாலும் சத்தம் போட்டிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. மாடிக்குக் கூட்டிப்போனேன்.

"அத்தா, அவரு லீவு முடிஞ்சி போச்சாம். யூனிட்லேந்து பெரிய சாப் என் போனுக்கு பேசுனாரு. சீக்கிரம் வரலன்னா ஓடிப்போன ஆளுன்னு எழுதிடுவாங்களாம். போலீசுக்கு தகவல் போயிடுமாம்."

பாய் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரின் அடுப்பை அணைத்தார். பாதிக் கொதியில் அவர் அடுப்பை அணைத்து நான் பார்த்ததே இல்லை.

"என் வூட்ல ஓடிவந்த சிப்பாயா? அவன இன்னா செய்றேன் பாரு."

"அவரு தூங்கறதே இல்ல அத்தா. கட்டிலு மேல குந்திகினே கீறாரு. நா அசந்து கண்ண மூடுனாலும் எழுப்பி உட்டுடறாரு. நீ மூச்சு உடறியா உடறியான்னு கேக்கறாரு."

"இத்தினி நாளு ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஊரு பூரா ஃபௌஜி மாப்ள, ஃபௌஜி மாப்ளன்னு சொல்லிகினு கீறீங்க. உங்களாண்ட நா எப்டி சொல்றது?"

எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புருஷன் ஓடிப்போனவன் என்று பெயர் எடுத்தால் வேலை போகும், பென்ஷன் என்ற பேச்சே இருக்காது, சந்துக்குள் போலீஸ் வந்து நிற்கும். இதையெல்லாம் தனியாகச் சுமந்துகொண்டு அவள் காலையில் போய் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் காலை பாய் மாப்பிள்ளையைத் தன்னோடு மெஸ்ஸுக்கு அழைத்துவந்தார். வீட்டில் வஜீஹாம்மா பெரிய சண்டை போட்டிருக்கிறார், மாப்பிள்ளையை யாராவது எடுபிடி வேலைக்குக் கூட்டிப்போவார்களா என்று. "ரெண்டு நாளு எங்கிட்ட உடு. ஆளாக்கி ரயிலேத்தி உட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கடை திறப்பதற்கு முன்னால் டீ குடிக்க நான் மாடிக்குப் போனபோது, நதீம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கொட்டிக் கிடந்தது. பக்கத்தில் இஞ்சி டீ. பாய் அஸ்ஸாமில் கோவேறு கழுதை ஒன்று தன் சப்பாத்தி மாவைத் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நதீம் தலை நிமிராமல் சீவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கிழங்கின் தோலும் அறுபடாமல் ஒரே நாடாவாகக் கீழே விழுந்தது. பாய் கழுதைக் கதையைப் பாதியில் நிறுத்தினார்.

"இந்த மாறி சீவறதுக்கு எங்க கத்துகினே மாப்ளே?"

"லங்கர்ல."

"நீ ரைபிள் கம்பெனி ஆச்சே?"

"அஞ்சி மாசமா லங்கர்லதான் போட்டு வெச்சிருந்தாங்க." கத்தியைக் கீழே வைத்தார். "அங்கயும் உருளகெழங்கு, இங்கயும் உருளகெழங்கா மாமா?"

பாய்க்குச் சுருக்கென்றது. "லங்கர்னா இன்னா கேவலமா? நா காலம்பூரா அதுலதான் நின்னேன்."

"நீங்க அங்க வேல செஞ்சீங்க மாமா. என்னிய அங்க கொண்டாந்து போட்டாங்க. தட்டு எடுத்துகினு வர்றவன்லாம் என் மூஞ்ச பாத்து சிரிச்சிட்டு போவான். தெனம் ஆபீசர் வருவாரு, ருசி பாப்பாரு, ஸப் டீக்கான்னு கேப்பாரு. எங்க குக்கு ஸப் டீக் ஸாப்னு சொல்லுவாரு. அவரும் நல்ல மனுசன்தான். எனக்கு டீ போட்டு குடுப்பாரு, சிரிப்பு காட்டுவாரு. ஆனா அவரு டீக்னு சொல்லிட்டா அப்பறம் என்னிய யாரு பாக்கறது?"

பாயின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. பக்கத்தில் இருந்த வெங்காய மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு நதீம் சொன்னார். பனிமலையில் ஒரு சின்ன காவல்சாவடியில் அவரும் வெங்கடேஷ் என்ற பையனும் ஜோடியாக இருந்திருக்கிறார்கள். வெங்கடேஷ் ஆம்பூர்க்காரன். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகிதம். உயரத்தில் காற்று பற்றாமல் வெங்கடேஷுக்கு மூச்சுத் திணறல் வந்தது. பனிப்புயலில் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. வயர்லெஸ்ஸில் டாக்டர் சொன்னாராம், பேசிக்கொண்டே இரு, அவனைத் தூங்கவிடாதே, வானிலை தெளிந்ததும் வந்துவிடுகிறோம் என்று. நதீம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆம்பூர் பிரியாணியைப் பற்றி, வேளச்சேரி வெள்ளத்தைப் பற்றி, உம்மே ஹானியைப் பற்றி. இரண்டாம் நாள் அவரையறியாமல் கண் சொருகிவிட்டது. எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. விழித்துப் பார்த்தபோது வெங்கடேஷ் போய்விட்டான்.

"நா தூங்காம இருந்திருந்தா அவன் உசுரோட இருந்திருப்பான் மாமா" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்து, பகலில் காவலுக்கு நிற்கும்போது ஒருநாள் நின்றபடியே உறங்கிவிட்டார். காவலில் தூங்குவது பட்டாளத்தில் பெரிய குற்றம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று தண்டனை கொடுத்தார்கள். மறுபடியும் அதுவே நடந்தது. லங்கரில் போட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதிவிடுகிறேன். துப்பாக்கியைத் தினமும் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கவேண்டும், இல்லாவிட்டால் தோலை உரித்துவிடுவார்கள் என்று பாயே சொல்லியிருக்கிறார். அந்தத் துப்பாக்கியைத் தூக்குகிற பிள்ளையை ஒருத்தர் உட்காரவைத்து 'என்னப்பா உனக்கு?' என்று கேட்க நேரமில்லாமல் போய்விட்டதே! தூங்கினதற்குத் தண்டனை கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, அவன் ஏன் தூங்கினான் என்று யோசிக்கத் தெரியாமல் போனது எப்படி? காவல் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஒருவன் தூங்கினால் பத்துப் பேர் உயிர் போகும். அதனால்தான் அவனைக் கேட்டிருக்கவேண்டும் என்கிறேன்.

பாய் என் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட வந்த பசங்கள நெனச்சி பாக்கறேன் அண்ணாச்சி. ஒருத்தனுக்கு பூரின்னா உசுரு. ஒருத்தன் பச்சமொளகா கடிச்சிகினே துன்னுவான். ஒரு ஒடிசா பையன் சோத்துல தண்ணி ஊத்தி குடுன்னு கேப்பான். துன்னதுலாம் ஞாபகம் கீது. எதுக்கு வந்தானுங்கன்னு ஒருத்தனுக்குகூட தெர்ல."

அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். அன்றைக்கு உருளைக்கிழங்கு வறுவலை ரத்து செய்துவிட்டு அப்பளம் பொரித்தார்.

என்ன செய்வது என்பதில் பாய்க்குச் சந்தேகம் இல்லை. லீவில் வந்த சிப்பாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் பக்கத்தில் இருக்கிற ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அங்கிருந்து யூனிட்டுக்குத் தகவல் போய்விடும், ஓடிப்போனவன் என்ற பெயர் வராது. ஆனால் போகிற இடத்தில் என்ன சொல்வது என்பதில்தான் பட்டாளத்துப் புத்தியைக் காட்டினார்.

"தூக்கம் வர்லன்னு மட்டும் வாய தொறக்காத. மூள சரியில்லன்னு முத்திர குத்திடுவானுங்க. ப்ரமோஷன் போச்சி, மரியாத போச்சி. வயித்து வலின்னு சொல்லு."

"வயித்துக்கு மாத்திர குடுத்து அனுப்பிடுவாங்க அத்தா. அப்பறம்?" என்றாள், பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மெஸ்ஸுக்கு வந்திருந்த உம்மே ஹானி.

"அப்பறம் பாத்துக்கலாம்."

"அவ சொல்லுததுதான் பாய் சரி" என்று நான் நுழைந்தேன்.

"அண்ணாச்சி, நீங்க பொடவைய பாருங்க. பட்டாளத்த நா பாத்துக்கறேன்."

என் வார விடுமுறை நாளில் என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். மாப்பிள்ளை வழியில் எங்காவது இறங்கி ஓடிவிடுவாரோ என்று பாய்க்கு உள்ளூரப் பயம். நானும் அவரும் இரண்டு ஓரத்தில், நதீமும் உம்மே ஹானியும் நடுவில். நான்கு பேரை ஏற்றியதற்கு டிரைவர் அடையாறு பாலம் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பாய் நன்றாக இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, ஷூவுக்குப் பாலீஷ் போட்டிருந்தார். கிண்டி, கத்திப்பாரா தாண்டிப் பரங்கிமலை வரைக்கும் பாடம் நடந்தது.

"எங்க வலிக்குதுன்னு கேட்டா வலது பக்கம் கீழன்னு சொல்லிடாத. அறுத்துடுவானுங்க. நடுவுலன்னு சொல்லு. துன்னா வலிக்குதா, துன்னலன்னா வலிக்குதான்னு கேப்பானுங்க. ரெண்டுக்கும் வலிக்குதுன்னு சொல்லு."

நதீம் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார். உம்மே ஹானி அவருடைய கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். மேஜர் ஸ்வர்ணலதா என்று நெஞ்சில் பெயர்ப்பட்டை. தமிழ்தான் பேசினார். நதீமைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இங்கே வலிக்கிறதா, அங்கே வலிக்கிறதா என்று கேட்க, பாய் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டு நதீம் எல்லா இடத்துக்கும் தலையாட்டினார். டாக்டர் உட்கார்ந்து மாத்திரை எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், வழக்கமாக எல்லாரிடமும் கேட்பது போலக் கேட்டார்.

"மத்தபடி எல்லாம் நல்லா இருக்கில்ல?"

"எல்லாம் டீக் மேடம்" என்றார் நதீம்.

உம்மே ஹானி தன் அப்பாவைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் பாயின் ஷூ குதிகால்கள் சேர்ந்து அடிக்கிற சத்தம் கேட்டது. விறைத்து நின்றார். மெஸ்ஸில் எங்களைச் சிரிக்கவைக்க நிற்பாரே, அதே நிற்பு. குரல் மட்டும் வேறு.

"ஸப் டீக் நஹீ ஹை, ஸாப்."

டாக்டர் நிமிர்ந்தார்.

"எதுவும் சரியா இல்ல மேடம். இவன் வயிறு நல்லாதான் கீது, வயித்து வலின்னு சொல்ல சொன்னதே நாந்தான். இவன் தூங்கி ஏழெட்டு மாசம் ஆவுது. கூட இருந்த பையன் இவன் கண்ணு எதிர்ல செத்துட்டான். தூங்குனா யார்னா செத்துடுவாங்கன்னு நெனச்சிகினு கீறான். லீவு முடிஞ்சும் போகல. இவன யாரும் கேக்கல மேடம். நானும் கேக்கல." விறைப்பாகவே நின்றுகொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் மட்டும் வழிந்தது.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பாயை உட்காரச் சொன்னார். பிறகு தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து நதீமுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"கூட இருந்தவர் பேர் என்ன?"

என்ன நோய், எப்போதிலிருந்து என்று எதையும் கேட்காமல் அந்தப் பெயரைத்தான் முதலில் கேட்டார். நதீம் "வெங்கடேஷ்" என்றார். சொல்லிவிட்டு உம்மே ஹானியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. வெளியே வரிசையில் இருந்தவர்களை அடுத்த அறைக்கு அனுப்பச் சொன்னார்.

நதீமை அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார். அவர் பொய்யாக ஆறுதல் சொல்லவும் இல்லை. லீவைத் தாண்டிய நாட்களுக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும், அதைத் தன்னால் மறைக்க முடியாது, ஆனால் ஏன் போகவில்லை என்பதைத் தான் எழுதி அனுப்புவேன் என்றார். குணமாகும்வரை கையில் துப்பாக்கி கொடுக்க மாட்டார்கள், வேறு வேலை கொடுக்கச் சொல்லி எழுதுவேன் என்றார்.

"திரும்ப லங்கர்லயா மேடம்?" என்று நதீம் கேட்டார்.

"என்ன வேலைன்னு உங்களையும் கேட்டுத்தான் எழுதுவேன்."

அன்று சாயங்காலம் யூனிட்டின் பெரிய சாப் மறுபடியும் போனில் வந்தார். பாய் ஆஸ்பத்திரி வராண்டாவில் நடந்துகொண்டே ஹிந்தியில் பேசினார். பிறகு எனக்குச் சொன்னார். முன்பே தங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று அந்த சாப் கேட்டிருக்கிறார். "உங்க லங்கர்லதான் ஸாப் இருந்தான், தெனம் நீங்க துன்ன உருளகெழங்க அவன்தான் சீவுனான்" என்று பாய் சொல்லியிருக்கிறார். பிறகு அவர், நதீமின் டிரங்குப் பெட்டியைத் தானே பூட்டிப் பத்திரமாக வைத்திருப்பதாகவும், பையன் கவலைப்படாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னாராம். அந்த ஆளும் கல்நெஞ்சக்காரர் இல்லை. கேட்கவேண்டும் என்று அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நதீம் யூனிட்டில் ரேடியோக்களைப் பழுது பார்க்கிற இடத்தில் உதவியாளராக இருக்கிறார், அவரே கேட்டு வாங்கிய வேலை. முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில நாள் தூங்குகிறார், சில நாள் உம்மே ஹானிக்குப் போன் வருகிறது. ப்ரமோஷன் தள்ளிப்போயிருக்கிறது. பாய் இன்றும் "என் மாப்ள ஃபௌஜி" என்றுதான் சொல்கிறார். கூடவே "ஒடம்பு சரியில்லாம இருந்தான், இப்ப தேவல" என்பதையும் யாரிடமும் மறைப்பதில்லை.

ஆனால் பாயைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வது, ஆஸ்பத்திரியில் சேர்த்த சில நாள் கழித்து நடந்ததை. அன்று மெஸ் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு மாப்பிள்ளைக்குத் தனியாகச் சமைத்தார். நெய்ச்சோறும் மட்டன் குருமாவும், தாளித்த பருப்பும். அடுக்குக் கேரியரில் வைத்து, ஆறிவிடக்கூடாதென்று ஒரு பழைய கம்பளித் துண்டால் சுற்றிக் கட்டினார். ஆட்டோ டிரைவரைப் போகிற வழியெல்லாம் விரட்டினார். "ஓட்டுபா, சோறு ஆறிட போவுது."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வார்டில் எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. நதீம் சுவர்ப்பக்கம் திரும்பி, போர்வை பாதி நழுவ, வாய் லேசாகத் திறந்திருக்க உறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் தட்டும் டம்ளரும் இடிபடுகிற சத்தத்துக்கும் அசையவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்திருந்த உம்மே ஹானி எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

நர்ஸம்மா வந்தார். "சாப்பாட்டு நேரம்தான், எழுப்பட்டுமா?" என்றார்.

பாய் கம்பளித் துண்டைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே இன்னும் சூடு இருந்தது. பிறகு கேரியரைச் சத்தம் வராமல் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, நழுவியிருந்த போர்வையை மாப்பிள்ளையின் தோள்வரை இழுத்துவிட்டார்.

"வேணாம்மா. தூங்கட்டும். சோறு ஆறுனா ஆறட்டும்."